நோட்டில் நான் எழுதிய ஏழாவது வரி

எங்கள் பாசிக்காரப் பெண்கள் சங்கத்து நோட்டில் ஏழாவது வரி என் கையெழுத்தில் இருக்கிறது. "பத்தாவது முடிக்காத பிள்ளையைக் கடலுக்கு ஏற்றக் கூடாது. மீறினால் தாய் ஒரு அமாவாசை கரையில் இருக்க வேண்டும்." அதை எழுதியபோது எனக்கு இருந்த திமிர் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

பாம்பன் பக்கம் எங்கள் ஊர். ஆம்பிளைகள் மீனுக்குப் போவார்கள், நாங்கள் பாசிக்குப் போவோம். விரல்களில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் வளர்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிற வேலை. மாதம் முழுக்கப் போக மாட்டோம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மற்ற நாளெல்லாம் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவோம். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை, நாங்களே கூடிப் பேசி எங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டு அது. அதனால்தான் எங்கள் சங்கத்து நோட்டில் ஒன்றை எழுதிவிட்டால் எழுதியதுதான். நான் பத்தாவது முடித்தவள், எழுதத் தெரிந்தவள், வாயும் கொஞ்சம் நீளம். தலைவி என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஏழாவது வரியை எழுதிய வருஷமே வடக்குத் தெருக்காரி அதில் மாட்டினாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவளுக்குப் படிப்பு பிடிக்கலையாம் மதினி. சும்மா வீட்டுல கிடக்குறதுக்கு எங்கூட வரட்டுமே" என்றாள்.

"பிடிக்குதோ பிடிக்கலையோ, பத்தாவது முடிக்கட்டும். எழுதுனது எழுதுனதுதான். வர்ற அமாவாசைக்கு நீ கரையில இரு" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன், சத்தமாகவும் சொன்னேன். ஆறு நாளும் அவள் கரையில் உட்கார்ந்து நாங்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக் கும்பிடுகிற நேரத்தில், பக்கத்தில் நான் நின்றால் எனக்குச் சொல்லாமல் திரும்பிப் பின்வரிசைக்குக் கும்பிடு போடுவாள். அவள் மகள் மட்டும் திரும்பவும் பள்ளிக்கூடம் போய், பத்தாவதும் முடித்து, பன்னிரண்டும் முடித்து, மதுரையில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். பார்த்தீர்களா என் சட்டத்தை என்று நான் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்படித் திரிந்தவளைத்தான் ஒருநாள் என் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"ஒம்பதாவது முடிஞ்சிருச்சும்மா. பத்தாவதுக்கு வேற எங்கயாவது பாருங்க. இங்க எல்லாப் பிள்ளைகளும் பாஸாகணும்" என்றார் அங்கிருந்தவர்.

"அப்ப பாஸாகாத பிள்ளை எங்க போகும் சார்?"

அவர் டி.சி.யை மடித்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்காமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு பாடு பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

என் மகள் மக்கு இல்லை. கோயிலில் ஃபாதர் வாசிக்கிற வாசகத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு மத்தியானம் சோறு தின்றுகொண்டே அப்படியே ஒப்பிப்பாள். ஏலக் கரையில் எவள் எவளிடம் என்ன பேசினாள் என்பது ஒரு வார்த்தை பிசகாமல் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து வாசி என்றால் முதல் வரியிலேயே வியர்த்துவிடும். வரியின் கடைசிக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். எழுதச் சொன்னால் இன்னும் மோசம். நான் என்ன செய்தேன்? வாயில்தான் உனக்கு வக்கணை என்று ஏசினேன். வருஷக்கணக்காக ஏசினேன், அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

டி.சி. வாங்கிய பிறகு சில மாதங்கள் வீட்டில் இருந்தாள். சோறு பொங்கினாள், பாசி உலர்த்தினாள், தண்ணீர் எடுத்தாள், புத்தகத்தை மட்டும் தொடவில்லை. ஒரு பௌர்ணமிக்கு விடியக்காலையில் நான் கிளம்பும்போது, "நானும் ஒன்னோட கடலுக்கு வாரேம்மா" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "வாடி! வந்து ஒரு நாள் உப்புத் தண்ணிய குடி. அப்பத்தான் புத்தகம் இனிக்கும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வள்ளத்தில் ஏற்றிவிட்டேன். ஏழாவது வரி எனக்கு ஞாபகம் வரவே இல்லை. வள்ளத்தில் இருந்த பதினோரு பேருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது, ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்குள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாறையில் விரல் கிழிந்து ரத்தம் வந்தது, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்ப முங்கினாள். கைநிறையப் பாசியோடு மேலே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இவளுக்கு இது பிடித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

கரைக்கு வந்ததும் வடக்குத் தெருக்காரி நாலு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "நோட்டு ஒங்க வீட்டுலதானே இருக்கு மதினி? ஏழாவது வரிய ஒருக்க வாசிச்சுட்டுப் படுங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர்கள் "போகட்டும் மதினி, தெரியாம நடந்துபோச்சு" என்றார்கள். தெரியாமல் என்ன தெரியாமல்! நான் எழுதியதுதானே. அடுத்த அமாவாசைக்குக் கடலுக்கு வர மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த அமாவாசை வந்தது. முதல் நாள் விடியலில் வள்ளம் என்னை விட்டுவிட்டுப் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். இதை ஆறு நாள் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம், "கிளம்பு. இந்த ஆறு நாளுக்குள்ள ஒனக்கு ஒரு வழி பாத்துட்டுத்தான் நான் மறுபடி தண்ணியில கால் வைப்பேன்" என்றேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை செய்கிறவர். அன்றைக்குக் கடலுக்குப் போகிற நாள் இல்லை, கட்டிலில் படுத்திருந்தார். "பிள்ளையக் கேட்டுட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு டுட்டோரியல். வாசலில் பாஸான பிள்ளைகளின் போட்டோ போட்டுப் பெரிய பேனர். ஆறே மாதத்தில் பத்தாவது, நாங்கள் பொறுப்பு என்றார் நடத்துகிறவர். கைடில் கோடு போட்ட விடைகளை மனப்பாடம் செய்தால் போதுமாம். அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே டீக்கடையில் காத்திருந்தேன். மத்தியானம் வந்தவளின் சட்டை முதுகுப்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. "கைடும் புத்தகம்தாம்மா" என்றாள்.

மறுநாள் ஐ.டி.ஐ. அங்கே வெல்டர் பிரிவுக்கு எட்டாவது போதும் என்றார்கள். சொல்லிக்கொடுக்கிற சார் நல்ல மனுஷன். முகக் கவசத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தை அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, முடிந்தது காரியம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் கேட்டேன், "சேந்துக்கிறியா?"

"சேருவேன். ஆனா இப்ப இல்ல. பத்தாவது முடிக்க முடியாம இங்கன வந்தேன்னு எனக்கே தோணும்மா. முடிச்சுட்டு வாரேன்."

எங்கிருந்து வந்தது இவளுக்கு இந்த ரோஷம் என்று அவளை ஒரு பார்வை பார்த்தேன். எங்கிருந்து வரும், என்னிடமிருந்துதான்.

இதற்கு நடுவில் அபிராமத்தில் வாக்கப்பட்டிருக்கிற என் நாத்தனார் சேதி கேள்விப்பட்டு வந்து இறங்கினாள். பதினாறு ஆகிவிட்டதாம், தையல் கிளாஸில் விட்டால் போதுமாம், ரெண்டு வருஷத்தில் நல்ல இடமாகப் பார்த்துவிடலாமாம். "ஒங்க மகளுக்கு மொதல்ல பாத்து முடிங்க மதினி, அவ பி.எஸ்.சி. முடிச்சுட்டு ஃபோன நோண்டிக்கிட்டுத்தானே இருக்கா" என்றேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்காக என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் தொண்டிக்குப் போனோம். அங்கே ஒரு பெண்கள் விடுதி, பள்ளிக்கூடமும் சேர்ந்தது. பொறுப்பில் இருந்த சிஸ்டர் என் மகளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் திணறினாள். சிஸ்டர் பக்கத்தைத் திரும்ப வாங்கி, தானே ஒரு தடவை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டார். இவள் பதில் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தையே திருப்பிச் சொன்னாள்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, கற்றல் குறைபாடுன்னு சொல்வாங்க. கண்ணு வழியா ஏறாது, காது வழியா ஏறும். ஜி.எச்.சில டாக்டர் பாத்துச் சான்றிதழ் தருவாங்க. அது இருந்தா பரீட்சையில இவ வாயால சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒரு டீச்சரைக் குடுப்பாங்க. ஒரு மணி நேரம் கூடுதலாவும் கிடைக்கும். இத்தனை வருஷம் யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, நான் ஏசிய ஒவ்வொரு ஏச்சும் ஒவ்வொன்றாக என் காதுக்கே திரும்பி வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

விடுதியில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றார் சிஸ்டர். வீட்டிலிருந்தே தனித்தேர்வராகவும் எழுதலாம், திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது, புத்தகம் அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "ஹாஸ்டல் வேணாம்மா. அங்கன எல்லாரும் சத்தமில்லாமப் படிக்காங்க. எனக்குச் சத்தம் வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நான் பத்தாவது முடிக்கணும்னு நீ ஆசைப்படுறது எனக்காகவாம்மா, ஒன் நோட்டுக்காகவா?"

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு என்னவோ கடுகடுவென்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

"மொதல்ல நோட்டுக்காகத்தான்" என்றேன். "ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவ மக இப்படின்னு பேசுவாங்களேன்னு. இப்ப அப்படி இல்ல. ஐ.டி.ஐ. வாசல்ல நீ ஒண்ணு சொன்ன பாரு, அதுலருந்து அப்படி இல்ல."

அவள் சிரித்தாள். "அப்ப வீட்டுலருந்தே எழுதுறேன்" என்றாள். முடிவு எடுத்தது அவள்தான், நான் இல்லை.

முடிவு எடுத்தாயிற்று, சத்தத்துக்கு எங்கே போவது? மறுநாளே பழைய பத்தாவது புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து நான் வாசிக்க உட்கார்ந்தேன். அறிவியலில் எனக்கே நாக்குப் புரளவில்லை. அவள் திரும்ப வாசி என்பாள், நான் எத்தனை தடவைடி என்பேன். ஒரு பாடம் முடிவதற்குள் ரெண்டு சண்டை. பாசிக்குப் போகத் தொடங்கிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குமே. இது நடக்கிற காரியமா என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

ஆறாம் நாள் சாயங்காலம், வள்ளம் வந்து சேர்ந்த கையோடு, ஈரச் சேலையோடு வடக்குத் தெருக்காரி என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்க மேல எனக்குள்ள கோவம் போகல மதினி. அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள். "எம் மக ஃபோன் பண்ணுனா. பாடம் வாசிச்சுக் காட்ட ஆள் வேணும்னு ஒங்க மக அவகிட்ட சொல்லியிருக்கா. அவ வாசிச்சு வாட்ஸ்அப்புல அனுப்புறேங்கா. 'அந்த அத்தை அன்னைக்குச் சட்டம் பேசலைன்னா நான் இன்னைக்கும் உப்புத் தண்ணியிலதான கிடப்பேன்'னு என்கிட்டயே சொல்றா, என் வயித்துல பெறந்துட்டு."

நான் உள்ளே வாங்க என்றேன். "ஈரமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு நான் அழுதேன். கதவைச் சாத்திக்கொண்டெல்லாம் இல்லை, வாசலிலேயே நின்று அழுதேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. மதுரை விடுதியில் அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் வாசித்து அனுப்புவாள். பின்னால் தட்டு விழுகிற சத்தமும் யாரோ ஊறுகாய் கேட்கிற சத்தமும் சேர்ந்தே வரும். என் மகள் மணலில் பாசியை உலர்த்திக்கொண்டே ஃபோனை வாளியில் கவிழ்த்து வைத்துக் கேட்பாள், சத்தம் பெரிதாகக் கேட்குமாம். பக்கத்தில் பாசி உலர்த்துகிறவர்களுக்கும் வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் உலகப் போர் ஏன் வந்தது என்பது எங்கள் கரையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த இளவரசரைச் சுட்டது சரியா தப்பா என்று ஒருநாள் வள்ளத்தில் பெரிய சண்டையே வந்தது.

சான்றிதழுக்கு அலைந்தது, அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிந்தது எல்லாம் ஒரு பாடு. அதை விடுங்கள். முதல் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தாளே, அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"எழுதுன டீச்சரையே, எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னேம்மா. கேக்குறதுக்கு எனக்கு உரிமை இருக்காமே. ஒரு வரிய விட்டுட்டாங்க, அதைச் சேக்கச் சொன்னேன். முக்கியமான இடத்துல அடியில கோடு போடச் சொன்னேன். போட்டாங்க!" என்றாள்.

ஒன்பது வருஷம் எந்த டீச்சரைக் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்ற பிள்ளை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் இவள் என் மகள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கைத் தவிர எல்லாம் பாஸ். கணக்கில் கொஞ்சத்தில் போய்விட்டது. அதையும் மறுதேர்வில் தாண்டிவிட்டாள், இப்போது ராமநாதபுரத்தில் ஐ.டி.ஐ.யில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இரும்பை ஒட்ட வைக்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. ரிசல்ட்டுக்கும் மறுதேர்வுக்கும் இடையில் எங்கள் சங்கம் கூடியது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் கூடினோம். மகளும் என்னோடு வந்திருந்தாள். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏழாவது வரியை அடித்துவிடலாம் என்று சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஏறாது, பிள்ளைகளும் தாய்களும் கூனிக் குறுகி நிற்பதுதான் இதனால் கண்ட பலன் என்றேன். என் பிள்ளைக்குக் கணக்கு பாக்கி இருக்கிறதே என்பதும் மனதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வடக்குத் தெருக்காரி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் என் மகள் எழுந்துவிட்டாள்.

"அடிக்கக் கூடாது" என்றாள். இருபது முப்பது பேர் முன்னால், குரல் நடுங்காமல். "எனக்கு இன்னும் கணக்கு இருக்கு. அது முடியறவரைக்கும் நானும் வள்ளத்துல ஏற மாட்டேன். வரி அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதணும். எம்மா, பேனாவ எடு, நான் சொல்றேன்."

சட்டம் எழுதியவள் நான். இத்தனை வருஷமாக அந்த நோட்டில் நான் நினைத்ததைத் தவிர எதையும் எழுதியதில்லை. பேனாவை எடுத்தேன்.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், பரீட்சையில் சொல்லிப் பழகிய அதே நிதானத்தோடு. "எந்தப் பிள்ளைக்காவது பத்தாவது முடிக்க முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்கு எது வழி என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு, அந்த வழியைத் தேடிக் கொடுப்பது சங்கத்தில் உள்ள எல்லாருடைய பொறுப்பு."

எழுதினேன். வடக்குத் தெருக்காரி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"வாசிச்சுக் காட்டும்மா" என்றாள் என் மகள்.

வாசித்துக் காட்டினேன்.

"எல்லாருடைய-ங்கிறதுக்கு அடியில ஒரு கோடு போடு."

போட்டேன்.